பழைய காரின் வயரிங்கை நீங்களே கற்றுச் சரிசெய்ய: கோலாலம்பூரில் தொடங்குபவர்களுக்கு

மோரிஸ் மைனரோ, டட்சன் 120 ஒய்-யோ, பீட்டிலோ வாங்கி, தகர வேலை, பெயின்ட் எல்லாம் முடித்து, வயரிங்கில் வந்து மாட்டி நிற்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். எஞ்சினைப் பற்றிக் கேட்டால் சொல்லித்தர இந்த ஊரில் நிறையப் பேர் இருக்கிறார்கள். வயரிங் என்றாலே பாதிப் பேர் கையைத் தூக்கிவிடுகிறார்கள்.

என் கார் 1960களின் மோரிஸ் மைனர். எனக்கு முன்னால் வைத்திருந்தவர்கள் ரேடியோவுக்கு ஒன்று, ஏர்கோனுக்கு ஒன்று, அலாரத்துக்கு ஒன்று என ஆளுக்கொரு வயர் இழுத்திருந்தார்கள். எல்லாமே கறுப்பு வயர். ஒரு வயர்மேன் (கார் மின்வேலை செய்பவர்) மொத்தத்தையும் வெட்டி எறியச் சொன்னார். இன்னொருவர் டைனமோ, அதாவது எஞ்சின் ஓடும்போது மின்சாரம் தரும் கருவி, போய்விட்டது என்றார். மூன்றாமவர் பெரிய பேட்டரி போடச் சொன்னார். அளந்து பார்த்தபோது குறை பெரும்பாலும் எர்த் இணைப்புகளிலும் (மின்சாரம் கார் பாடி வழியாகப் பேட்டரிக்குத் திரும்பும் இடங்கள்) பச்சை பிடித்த முனைகளிலும்தான் இருந்தது. வயர்களில் பாதி இன்னும் நல்ல நிலையில் இருந்தன. பழைய கார்கள் பலவற்றில் இதுதான் கதை. அதனால் கத்தரியை எடுப்பதற்கு முன்னால் மீட்டரைக் கையில் எடுக்கப் பழகுங்கள். கீழே உள்ள வரிசையும் அதற்காகத்தான்.

1. காகிதங்களைச் சேருங்கள்

வயரிங்குக்கும் காகிதத்துக்கும் என்ன சம்பந்தம் என்று தோன்றும். நிறைய இருக்கிறது.

முதலில் கிரான், அதாவது வாகன உரிமைச் சான்றிதழ். அதில் உள்ள எஞ்சின் எண்ணையும் சேசிஸ் எண்ணையும் காரில் உள்ளவற்றோடு ஒப்பிட்டுப் பாருங்கள். பொருந்தவில்லை என்றால் ஒரு வெள்ளிகூடச் செலவு செய்ய வேண்டாம், முதலில் ஜேபிஜே-க்கு (சாலைப் போக்குவரத்துத் துறை) போங்கள். பெயர் மாற்றத்துக்கான புஸ்பகோம் (வாகனப் பரிசோதனை நிறுவனம்) பரிசோதனைக்கு பி5 என்று பெயர். முன்பதிவு இணையத்தில். அங்கே முக்கியமாகப் பார்ப்பது இந்த எண்களைத்தான். எண் தகட்டைச் சுற்றி எர்த் பாயின்ட்டுக்காகத் தேய்ப்பதோ, அதன் மேல் பெயின்ட் அடிப்பதோ கூடவே கூடாது.

ரோட் டேக்ஸ் எப்போது முடிந்தது என்பதை மைஜேபிஜே செயலியில் பாருங்கள். பல வருஷம் எடுக்காமல் கிடந்த கார் என்றால், வேலையைத் தொடங்குமுன் ஜேபிஜே கவுண்டரில் கேட்டு, என்ன பரிசோதனை வேண்டும் என்று தெரிந்துகொள்ளுங்கள். வயரிங் முடிந்த பிறகு கேட்டால் அலைச்சல் இரண்டு மடங்காகும்.

அடுத்தது காப்புறுதி. பழைய காருக்குப் பல நிறுவனங்கள் மூன்றாம் தரப்புக் காப்புறுதிதான் தருகின்றன. முழுக் காப்புறுதி கேட்டால் காரின் படங்களும் மதிப்பீடும் கேட்பார்கள். வயரிங் வேலையை நடக்க நடக்கப் படமெடுத்து, வாங்கிய சாமான்களின் ரசீதோடு வைத்திருந்தால் அப்போது கைகொடுக்கும்.

கடைசியாக, எல்லாவற்றையும்விட முக்கியமானது: வயரிங் வரைபடம். உங்கள் காரின் ஆண்டுக்கும், வலப்பக்க ஸ்டியரிங்குக்கும், டைனமோவா, அதன் இடத்தில் பின்னாளில் வந்த ஆல்டர்னேட்டரா என்பதற்கும் பொருந்திய வரைபடமாக இருக்க வேண்டும். ஒரே மாடலுக்கு நான்கைந்து வரைபடங்கள் இருக்கும். பொருந்தாத ஒன்றை வைத்துக்கொண்டு வேலை செய்வது, வரைபடமே இல்லாமல் செய்வதைவிட மோசம். கிடைத்ததும் ஏ3 தாளில் பெரிதாக்கி, நாலு பிரதி எடுத்துக்கொள்ளுங்கள். கலர் பென்சிலால் அடிக்கப் போகிறீர்கள், ஒன்று போதாது.

2. எங்கே வேலை செய்வது, எப்போது

கொண்டோவில் இருப்பவர்கள் முதலில் நிர்வாகத்திடம் கேளுங்கள். பல இடங்களில் கார் நிறுத்துமிடத்தில் பழுதுபார்க்க அனுமதி இல்லை. பாதி வயரைக் கழற்றி வைத்திருக்கும்போது தள்ளிக்கொண்டு போகச் சொன்னால் என்ன செய்வது? கூரை இல்லாத இடம் என்றால் காலையில் வேலையை முடித்துவிடுங்கள். ஏப்ரலிலும் அக்டோபர், நவம்பரிலும் பிற்பகல் இடி மழை அடிக்கடி வரும்.

சீனப் புத்தாண்டை ஒட்டி ஸ்பேர் பார்ட்ஸ் கடைகளும் வயர்மேன் கடைகளும் ஒரு வாரம், சில சமயம் அதற்கு மேலும் பூட்டியிருக்கும். இங்கிலாந்திலிருந்து ஏதாவது வரவழைக்கிறீர்கள் என்றால் சில வாரங்கள் ஆகும். 500 ரிங்கிட்டுக்கு உட்பட்ட பொருளை இணையத்தில் வெளிநாட்டிலிருந்து வாங்கினால், 2024 ஜனவரி முதல் 10 விழுக்காடு விற்பனை வரி உண்டு. அதற்கு மேற்பட்டதற்குச் சுங்கக் கணக்கு தனி. விலையோடு தபால் செலவையும் வரியையும் சேர்த்துப் பாருங்கள். முழு ஹார்னஸ் (காரின் மொத்த வயர்க் கட்டு) செட் இங்கே வந்து சேரும்போது விலை கணிசமாக ஏறியிருக்கும்.

3. கருவிகள்: எதில் செலவு செய்வது, எதில் மிச்சம் பிடிப்பது

டிஜிட்டல் மல்டிமீட்டர் ஒன்று, 60 முதல் 150 ரிங்கிட்டுக்குள் நல்லதே கிடைக்கும். 10 ஆம்பியர் வரை அளக்கும் வசதி இருக்கிறதா என்று பாருங்கள். டெஸ்ட் லேம்ப் 10, 15 ரிங்கிட். மீட்டர் 12 வோல்ட் காட்டும் மெலிந்த வயர்கூட, டெஸ்ட் லேம்பை எரிய வைக்க முடியாமல் தோற்றுவிடும். அதனால் இரண்டும் வேண்டும்.

தயவுசெய்து கிரிம்ப் கருவியில், அதாவது வயர் முனையில் டெர்மினல் என்ற உலோகத் துண்டை அழுத்திப் பிணைக்கும் கருவியில், மிச்சம் பிடிக்காதீர்கள். சிவப்பு, நீலம், மஞ்சள் பிளாஸ்டிக் டெர்மினல்களோடு பெட்டியில் வரும் மலிவான இடுக்கி வேண்டாம். திறந்த வாய் டெர்மினலை மடக்கி அழுத்தும் ராச்செட் கருவி வாங்குங்கள், 80 முதல் 150 ரிங்கிட் ஆகும். முழுதாக அழுத்தும்வரை அது கையை விடாது. ஒவ்வொரு முனையும் ஒரே மாதிரி வரும்.

டெர்மினல், ஃபியூஸ் பெட்டி, ரிலே (சிறிய மின்சாரத்தால் பெரிய மின்சாரத்தைத் திறந்து மூடும் ஸ்விட்ச்), ஹீட் ஷ்ரிங்க் குழாய் (சூடு பட்டால் சுருங்கி வயரை இறுக மூடுவது) எல்லாம் புடு வட்டாரத்தில் ஜாலான் பாசார் எலெக்ட்ரானிக்ஸ் கடைகளில் கிடைக்கும். கார் வயரை மட்டும் கார் சாமான் கடையில், மீட்டர் கணக்கில் வாங்குங்கள். வீட்டு வயரிங்குக்கான வயரைக் காரில் போடவே கூடாது. அதன் இழைகள் தடித்தவை, எண்ணிக்கையிலும் குறைவு. எஞ்சின் அதிர்வில் முனையிலேயே ஒடிந்துவிடும். அதன் உறையும் எண்ணெய்க்கும் எஞ்சின் சூட்டுக்கும் ஏற்றதல்ல.

4. பேட்டரியும் துருவமும்

1960களின் பிற்பகுதி வரை வந்த பல பிரிட்டிஷ் கார்கள் பாசிட்டிவ் எர்த். அதாவது பேட்டரியின் பிளஸ் பக்கம்தான் பாடியோடு சேர்ந்திருக்கும். யாராவது இடையில் மாற்றியும் இருக்கலாம். வரைபடத்தை நம்பாமல், பேட்டரியிலிருந்து பாடிக்குப் போகும் கேபிளைக் கண்ணால் பாருங்கள். பழைய பீட்டில்களில் 6 வோல்ட் உண்டு, அதையும் கவனியுங்கள்.

வேலை செய்யுமுன் எர்த் கேபிளை முதலில் கழற்றுங்கள். திரும்ப மாட்டும்போது அது கடைசி. பாசிட்டிவ் எர்த் காரில் அது பிளஸ் முனை. "மைனஸை முதலில் கழற்று" என்று மனப்பாடம் செய்தவர்கள் இங்கேதான் ஸ்பேனரை பாடியில் தட்டவிட்டுத் தீப்பொறி கிளப்புகிறார்கள். எர்த் பக்கத்தில் ஒரு பேட்டரி கட்-ஆஃப் ஸ்விட்ச் போட்டுவிடுங்கள், 20 ரிங்கிட்டுக்குள் முடியும். பெட்ரோல் குழாய்க்குப் பக்கத்தில் வேலை என்றால் பவுடர் தீயணைப்பான் கை எட்டும் தூரத்தில் இருக்கட்டும்.

நெகட்டிவ் எர்த்துக்கு மாற்றலாமா என்று எல்லோரும் கேட்பார்கள். ஸ்டார்ட்டர் மோட்டாருக்கு இரண்டும் ஒன்றுதான். ஆனால் இக்னிஷன் காயில் முனைகளை மாற்ற வேண்டும், டைனமோவுக்குத் துருவத்தை மறுபடி ஏற்ற வேண்டும், நிரந்தரக் காந்தம் உள்ள சின்ன மோட்டார்கள் தலைகீழாகச் சுற்றும். புதிய ரேடியோவோ ஆல்டர்னேட்டரோ போடுவதாக இருந்தால் மட்டும் மாற்றுங்கள். இல்லையென்றால் இருப்பது இருக்கட்டும்.

5. வரைபடம் படிக்கப் பழகுங்கள்

லூகாஸ் வயரிங் உள்ள பிரிட்டிஷ் கார்களில் நிறமே பாதி விஷயத்தைச் சொல்லிவிடும். பழுப்பு என்றால் பேட்டரியிலிருந்து நேராக வருவது, ஃபியூஸ் கிடையாது. வெள்ளை, சாவி திருப்பினால் உயிர் பெறுவது, ஃபியூஸ் இல்லாமல். அதே மின்சாரம் ஃபியூஸைத் தாண்டினால் பச்சை. எப்போதும் உயிரோடு இருந்து, ஃபியூஸும் உள்ளது ஊதா. சிவப்பு பின் விளக்குகளுக்கும் சைடு லைட்டுக்கும். நீலம் ஹெட்லைட்டுக்கு: நீலத்தில் வெள்ளைக் கோடு ஹை பீம், சிவப்புக் கோடு லோ பீம். கறுப்பு எர்த். பச்சையில் சிவப்புக் கோடு இடது சிக்னல், வெள்ளைக் கோடு வலது.

ஜெர்மன் கார்களில் எண்கள். 30 பேட்டரி, 15 சாவி, 31 எர்த், 50 ஸ்டார்ட்டர், 56 ஹெட்லைட், 58 பார்க்கிங் விளக்கு. ரிலேக்களின் அடியில் இன்றும் இருக்கும் 30, 85, 86, 87 அந்த முறையிலிருந்து வந்தவைதான். ஜப்பானியக் கார்களில் நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும், வரைபடம் இல்லாமல் தொடாதீர்கள்.

ஒரு மாலை நேரம் காரைத் தொடாமல், தாளில் மட்டும் ஹார்ன் சர்க்யூட்டைப் பேட்டரியிலிருந்து எர்த் வரை கலர் பென்சிலால் வரைந்து பாருங்கள். அடுத்த நாள் பிரேக் விளக்கு. மூன்று, நாலு சர்க்யூட் வரைந்ததும் அந்தத் தாள் வேறு மாதிரி தெரிய ஆரம்பிக்கும்.

6. பலகையில் பயிற்சி

ஒரு பிளைவுட் துண்டில் பழைய 12 வோல்ட் பேட்டரி, ஃபியூஸ், ஸ்விட்ச், ரிலே, 21 வாட் பல்ப் ஒன்று வைத்து இணைத்துப் பாருங்கள். எல்லாம் சேர்த்து 50 ரிங்கிட் தாண்டாது. கிரிம்ப் செய்வதையும் இங்கேயே பழகுங்கள். அழுத்தியபின் பலமாக இழுத்துப் பாருங்கள். வயர் வந்துவிட்டால் கருவியின் பல்லோ டெர்மினல் அளவோ பொருந்தவில்லை. ஓர் இணைப்பை அறுத்து உள்ளே பாருங்கள்: இழைகள் ஒன்றோடொன்று நசுங்கி, இடைவெளி இல்லாமல் இருந்தால் நல்ல கிரிம்ப்.

ஈயம் வைப்பது (சால்டரிங்) உறுதி என்று பலர் சொல்வார்கள். ஈயம் இழைகளுக்குள் ஏறி, வயரைக் கம்பி மாதிரி விறைப்பாக்கிவிடும். அது முடியும் இடத்தில்தான் அதிர்வில் ஒடியும். அசையும் இடங்களில் கிரிம்ப்தான் என் தேர்வு. முனையை ஹீட் ஷ்ரிங்க் போட்டு மூடுங்கள். கறுப்பு இன்சுலேஷன் டேப் நம் ஊர் வெயிலில் பசை உருகி, கையெல்லாம் ஒட்டும் பிசினாகிவிடும். வயர்க் கட்டைச் சுற்ற, பசை இல்லாத ஹார்னஸ் டேப் கேட்டு வாங்குங்கள்.

7. அளந்து பாருங்கள்

முழு வழிகாட்டியில் ஒன்றே ஒன்றைத்தான் செய்ய முடியும் என்றால் இதைச் செய்யுங்கள்.

பேட்டரி ஓய்வில் 12.6 வோல்ட் காட்டினால் நிறைந்திருக்கிறது. 12.2 என்றால் ஏறக்குறைய பாதி. சரி, பேட்டரி நன்றாக இருக்கிறது, ஹெட்லைட் மட்டும் மங்கல் என்று வைத்துக்கொள்வோம். விளக்கைப் போடுங்கள். மீட்டரின் ஒரு முனையைப் பேட்டரியில் எர்த் ஆகாத முனையில் வையுங்கள், மறுமுனையைப் பல்புக்கு மின்சாரம் வரும் டெர்மினலில் வையுங்கள். மீட்டர் காட்டுவது, வழியில் தொலைந்த வோல்ட். அரை வோல்ட்டுக்குள் இருந்தால் விட்டுவிடலாம். ஒன்றரை, இரண்டு என்றால் வழியில் ஒவ்வோர் இணைப்பாக மீட்டரை நகர்த்துங்கள். எந்த இணைப்பைத் தாண்டும்போது எண் திடீரென்று குதிக்கிறதோ, குறை அங்கேதான்.

அடுத்து எர்த் பக்கம். பல்பின் எர்த் முனைக்கும் பேட்டரியின் எர்த் முனைக்கும் நடுவே அளங்கள். 0.2 வோல்ட்டுக்கு மேல் போனால் எர்த் சரியில்லை. அந்த போல்ட்டைக் கழற்றி, தகரம் பளிச்சென்று தெரியும்வரை தேய்த்து, மாட்டியபின் மேலே கிரீஸோ வாசலினோ தடவுங்கள். புதிதாகப் பெயின்ட் அடித்த காரில் இந்தக் குறை கட்டாயம் வரும். பெயின்ட்டின் மேலேயே போல்ட்டை முறுக்கிவிடுகிறார்கள். எஞ்சினுக்கும் பாடிக்கும் நடுவே உள்ள பட்டையான எர்த் கேபிளை மாட்டாமல் விடுவதும் அடிக்கடி நடக்கிறது. அப்போது ஸ்டார்ட்டர் மின்சாரம் கிளட்ச், ஆக்சிலரேட்டர் கேபிள் வழியாகப் பாய்ந்து, அவற்றைச் சுட்டுவிடும்.

இவ்வளவு வலியுறுத்தக் காரணம் இருக்கிறது. பல்புக்கு வோல்ட் 10 விழுக்காடு குறைந்தால் வெளிச்சம் சுமார் 30 விழுக்காடு குறையும். பெரிய பேட்டரி போட்டாலும் அந்த வெளிச்சம் திரும்பாது.

ஃபியூஸ் போடும்போதெல்லாம் எரிந்துபோனால், ஃபியூஸ் இடத்தில் 21 வாட் பல்ப் ஒன்றை இணையுங்கள். ஷார்ட் (மின்சாரம் குறுக்கு வழியில் நேராக எர்த்துக்குப் பாய்வது) இருக்கும்வரை அது முழு வெளிச்சத்தில் எரியும், வயருக்கு ஒன்றும் ஆகாது. அந்தச் சர்க்யூட்டில் உள்ளவற்றை ஒவ்வொன்றாகக் கழற்றிக்கொண்டே வாருங்கள். எதைக் கழற்றும்போது பல்ப் அணைகிறதோ, அந்தக் கிளையில் ஷார்ட்.

8. ஒரு நேரத்தில் ஒரு சர்க்யூட்

முழு ஹார்னஸையும் உருவிப் போட்டுவிட்டுப் புதிதாகத் தொடங்க ஆசை வரும். ஆழம் தெரியாமல் காலை விடாதீர்கள். உறை நொறுங்கி விழும் நிலையில் இருந்தாலோ, எலி கடித்து நாசமாக்கியிருந்தாலோ மட்டும் முழு மாற்று. மற்றபடி ஹார்னில் தொடங்கி, பிரேக் விளக்கு, சிக்னல், பின் விளக்கு, கடைசியாக ஹெட்லைட் என்று போங்கள். ஒன்றை முடித்து, அளந்து, வேலை செய்கிறதா என்று பார்த்த பிறகே அடுத்தது. ஒவ்வொரு வயரையும் கழற்றுமுன் இரண்டு பக்கமும் லேபிள் ஒட்டிப் படமெடுங்கள்.

வயர் தடிமன்: சாதாரண பி.வி.சி. கார் வயரில் 1 சதுர மில்லிமீட்டர் சுமார் 8 ஆம்பியர் வரை தாங்கும். சிக்னல், பின் விளக்குக்கு அது போதும். 2 சதுர மில்லிமீட்டர் சுமார் 17 ஆம்பியர், ஹெட்லைட்டுக்கு. 60 வாட் பல்ப் இரண்டு ஹை பீமில் 10 ஆம்பியர் இழுக்கும். 1 சதுர மில்லிமீட்டர் வயரில் அந்த 10 ஆம்பியர் 5 மீட்டர் ஓடினாலே ஏறக்குறைய ஒரு வோல்ட் காணாமல் போய்விடும்.

ஃபியூஸில் ஒரு பெரிய பொறி இருக்கிறது. பிரிட்டிஷ் கண்ணாடி ஃபியூஸில் 35 என்று போட்டிருந்தால், அது உருகும் அளவு. தொடர்ந்து தாங்குவது 17 ஆம்பியர்தான். கடையில் கிடைக்கும் மற்ற வகைகளில் போட்டிருப்பது தொடர்ந்து தாங்கும் அளவு. பிரிட்டிஷ் 35-க்குப் பதில் மற்ற வகை 35-ஐப் போட்டால் ஃபியூஸுக்கு முன்னால் வயர் உருகும். 15 அல்லது 17 ஆம்பியர் போடுங்கள். இன்னொன்று, அந்தக் காலத்து மோரிஸ், ஆஸ்டின் கார்கள் பலவற்றில் இரண்டே ஃபியூஸ்கள்தான். ஹெட்லைட்டுக்கு ஃபியூஸே கிடையாது. அதற்கு ஃபியூஸோடு ரிலே சேர்ப்பது நீங்கள் செய்யக்கூடிய நல்ல மாற்றம். பேட்டரியிலிருந்து ஃபியூஸ் வழியாக ரிலேயின் 30-க்கு, 87-லிருந்து விளக்குக்கு, பழைய ஸ்விட்ச் வயர் 86-க்கு, 85 எர்த்துக்கு. ஹை பீமுக்கு ஒன்று, லோ பீமுக்கு ஒன்று. பாசிட்டிவ் எர்த் கார் என்றால் உள்ளே டயோடு இல்லாத ரிலேவாகக் கேட்டு வாங்குங்கள்.

வயரைக் கடித்துப் பிடிக்கும் பிளாஸ்டிக் கிளிப் இணைப்பு வேண்டாம். அது இழைகளை வெட்டும், ஈரத்தை உள்ளே விடும். தகரத்தில் ஓட்டை வழியாகப் போகும் ஒவ்வொரு வயருக்கும் ரப்பர் வளையம் வேண்டும். எல்.இ.டி. சிக்னல் பல்ப் போட்டால் பழைய ஃபிளாஷர் யூனிட் சரியாக மினுக்காது, அதையும் மாற்ற வேண்டி வரும். கண்ணைக் கூசவைக்கும் ஹெச்.ஐ.டி. விளக்குகள் பக்கமே போகாதீர்கள், ஜேபிஜே சம்மன் தேடி வரும்.

9. சார்ஜிங், ஏர்கோன் கணக்கு

லூகாஸ் சி40-1 டைனமோ தருவது அதிகபட்சம் 22 ஆம்பியர். எஞ்சின் ஐடிலில் இருக்கும்போது ஏறக்குறைய ஒன்றும் தராது, சிவப்பு விளக்கு மினுங்குவது இயல்பு. ஹெட்லைட் 10, இக்னிஷன் 3 அல்லது 4, வைப்பர் 2 அல்லது 3, பின் விளக்குகள் 2. மழை இரவில் இதற்கே சரியாகிவிடும். இதன் மேல் ஏர்கோன் கம்ப்ரசர் கிளட்ச், புளோவர், கண்டன்சர் ஃபேன் என்று 20 ஆம்பியர் ஏற்றினால் ஃபெடரல் நெடுஞ்சாலை நெரிசலில் பேட்டரி காலியாகிவிடும். ஏர்கோன் வேண்டும் என்றால் ஆல்டர்னேட்டர் வேண்டும். ஆல்டர்னேட்டர் என்றால் பெரும்பாலும் நெகட்டிவ் எர்த். பேட்டரிக்குப் போகும் முதன்மை வயரும் தடித்ததாக மாற வேண்டும். இந்த மூன்றையும் ஒரே வேலையாகத் திட்டமிட்டால் செலவு குறையும்.

10. எங்கே கற்பது, எதை வயர்மேனிடம் விடுவது

கொலெஜ் கொமுனிட்டிகளில் (சமூகக் கல்லூரிகள்) பொதுமக்களுக்கான குறுகிய காலப் பயிற்சிகள் உண்டு, கட்டணமும் குறைவு. வாகன மின்னியல் எப்போது நடத்துகிறார்கள் என்று அருகில் உள்ள கல்லூரியில் கேளுங்கள். சான்றிதழோடு ஆழமாகப் படிக்க விரும்பும் இளைஞர்களுக்கு ஐ.எல்.பி., கியாட் மாரா என்ற தொழிற்பயிற்சி நிலையங்கள் வழியாக எஸ்.கே.எம். (மலேசியத் திறன் சான்றிதழ்) படிப்பு இருக்கிறது.

இன்னும் நல்ல வழி, பழைய கார் தெரிந்த ஒரு வயர்மேனோடு பழகுவது. "அண்ணே, இங்கே ஒன்றரை வோல்ட் தொலைகிறது, இந்த இணைப்பில்" என்று மீட்டர் எண்ணோடு போனால் அவர் பேசும் விதமே மாறிவிடும். "லைட் சரியில்லை" என்று மட்டும் சொல்லிக் காரை விட்டால், முழு வயரிங்குக்கு விலை சொல்வார்கள். எனக்குச் சொன்ன விலைகள் 1,500 முதல் 3,500 ரிங்கிட் வரை. அதே காருக்குக் குறிப்பிட்ட வேலையாகப் பிரித்துக் கொடுத்தபோது சில நூறோடு முடிந்தது.

டைனமோ, ஸ்டார்ட்டர் உள்வேலை, ரெகுலேட்டர் (டைனமோ தரும் மின்சாரத்தைக் கட்டுப்படுத்துவது) செட்டிங், துருவ மாற்றம் ஆகியவற்றை முதல் காரில் வயர்மேனிடமே விடுங்கள். கொடுக்குமுன் என்ன வேலை, எவ்வளவு, எந்த வயர் நிறம் என்று தாளில் எழுதி, இரண்டு பேரும் ஒரு பிரதி வைத்துக்கொள்ளுங்கள். வரைபடத்தில் உள்ள நிறத்திலேயே வயர் போடச் சொல்லுங்கள், வயரை நீங்களே வாங்கிக் கொடுத்தாலும் பரவாயில்லை. ஆல்டர்னேட்டருக்கு மாற்றினால், கழற்றிய டைனமோவையும் ரெகுலேட்டரையும் திரும்பக் கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். அவற்றைப் பிறகு தேடினால் சுலபத்தில் கிடைக்காது.